உள்ளே ஆள் இருக்குது

பொதுமக்களிடமிருந்து வரும் கடிதத்துக்குப் பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அதற்குள் முடிவெடுக்க இயலாவிட்டால், பரிசீலனையில் உள்ளது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. அந்தக் கையேட்டை நான் ஏறக்குறைய மனப்பாடமாக வைத்திருந்தேன். பதில் எழுத வேண்டிய கடிதம் ஒன்றுகூட எனக்கு வராத இந்த ஓய்வுக்காலத்திலும் அது மறக்கவில்லை. அந்த விதியை அப்படியே நம்பியவர் ஒரே ஒருவரைத்தான் என் உத்தியோகத்தில் பார்த்தேன். மனு கொடுத்த பதினைந்தாம் நாள் காலை, கிடங்கின் கதவு திறக்கும் முன்பே அவர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினைஞ்சு நாள் ஆயிடுச்சு சார். பதிலு?"

"பதினஞ்சு நாள்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க செவுத்துலியே எழுதி மாட்டி இருக்குதே."

உண்மைதான். அந்தப் பலகையை எழுதி மாட்டச் சொன்னவன் நான்தான். மேலதிகாரி ஆய்வுக்கு வந்தபோது மாட்டினோம். போன பிறகு கழற்ற மறந்துவிட்டோம்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் கால்நடைத் தீவன விதைக் கிடங்கு ஒன்றில் தலைமை எழுத்தர். பட்டு வியாபாரி ஒருவரின் பழைய வீட்டை அரசாங்கம் வாடகைக்கு எடுத்து, நூல் கட்டுகள் இருந்த அறைகளில் புல் விதை மூட்டைகளை அடுக்கியிருந்தது. ஊரே பாவு என்ற நெட்டிழை, ஊடை என்ற குறுக்கிழை, ஜரிகை என்று பேசிக்கொண்டிருக்க, நாங்கள் ஆறேழு பேர் மட்டும் கொழுக்கட்டைப் புல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மாட்டுத் தீவனத்துக்காக மானாவாரி நிலங்களில் அதைப் பரப்பும் திட்டம் அது. பதிவு பெற்ற விவசாயிகள் விதை எடுத்துத் தருவார்கள். நாங்கள் வாங்கி, மருந்து கலந்து, பையில் கட்டி, கேட்பவர்களுக்குக் கொடுப்போம்.

அவர் அந்தப் பதிவு பெற்ற விவசாயிகளில் ஒருவர். திருமுக்கூடல் போகிற வழியில், பாலாற்றை ஒட்டிய ஊர். சமண விவசாயக் குடும்பம். எல்லோரும் அவரை நயினார் என்று கூப்பிட்டோம். அது அவர் பெயரல்ல, அவர் சமூகத்தின் பட்டம். பெயர் கோப்பில் இருந்தது. கோப்பில் எழுதி அவருக்கு நாங்கள் செய்தது போதும், இங்கேயும் எழுத வேண்டாம்.

அவரைப் பற்றி முதலில் கண்ணில் படுவது ஒரு பழக்கம். எதையும் திறப்பதற்கு முன்னும் மூடுவதற்கு முன்னும் இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பார். மூட்டையின் வாயை, கழற்றிவிட்ட செருப்பை, சைக்கிள் காரியரில் கட்டிய சாக்கை, என் மேசை இழுப்பறையைக்கூட. தட்டிவிட்டுக் கொஞ்சம் நிற்பார். உள்ளே இருப்பவர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வர அவகாசம் கொடுப்பதுபோல. முதல் முறை என் இழுப்பறையைத் தட்டியபோது எனக்குக் கோபம் வந்தது.

"என்ன பாக்கறீங்க?"

"ஆள் இருக்குதான்னு பாத்தேன் சார்."

"இழுப்பறைக்குள்ளயா?"

"நீங்க இருக்கற வூட்டுல பல்லி இருக்குது, பல்லி இருக்கற வூட்டுல உண்ணி இருக்குது. ஆளில்லாத எடம் எங்க சார் இருக்குது?"

ஒருமுறை படிவங்கள் வைக்கும் அலமாரியின் மூலையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. சாவியையும் மூட்டைகளையும் கவனித்துக்கொள்ளும் கிடங்குக்காரர் குச்சியை எடுத்துக்கொண்டு போனார். நயினார் அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "பொறிச்சுட்டுப் போயிடும்பா. பத்து பன்னண்டு நாளு. அதுக்கு மேல அதுக்கென்னா இங்க வேலை?" என்றார். அவர் நின்ற நிலையைப் பார்த்தால் பன்னிரண்டு நாளும் அங்கேயே நிற்பார் போலிருந்தது. நாங்கள் அலமாரியைத் திறக்காமல் விட்டோம். அந்தத் தட்டில் இருந்த படிவங்கள் இல்லாமலே அலுவலகம் நன்றாக நடந்தது. இதை நான் மாதாந்திர அறிக்கையில் எழுதவில்லை.

தகராறு மருந்து உருளையில் ஆரம்பித்தது. அது கைப்பிடி வைத்த ஒரு தகர டிரம். விதையைப் போட்டு, பாதரச மருந்துத் தூளைப் போட்டு, மூடிச் சுற்ற வேண்டும். கிடங்கைவிட்டு வெளியே போகும் எந்த விதையும் மருந்து கலக்காமல் போகக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். பூஞ்சை நோய்களால் பயிர் அழிந்து அழுதவர்களுக்காக எழுதப்பட்டது. எழுபதாம் வருஷம் தை மாதம், தன் விதையை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர், டிரம் சுற்றுகிற சத்தம் கேட்டுத் திரும்பி வந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நிறுத்துபா. உள்ள ஆள் இருக்குது."

கிடங்குக்காரர் கைப்பிடியை விடவில்லை. "டிரம்முக்குள்ளயா? யாரு நயினாரே, உங்க மச்சானா?"

"வெதைக்குள்ள."

கிடங்குக்காரர் என்னைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு, கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் பதிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

அவர் சொன்னது இதுதான். அந்தப் புல் எங்கள் இலாகா கொடுத்த ரகமல்ல. பாலாற்றில் ஒரு மணல் திட்டில், வைகாசி வெயிலில் சுற்றி எல்லாம் சருகானபோதும் பச்சையாக நின்ற பத்துப் பதினைந்து தூர்களைப் பார்த்து, பிடுங்கி வந்து தன் கொல்லையில் நட்டுப் பெருக்கியது. முதல் வருஷம் அதன் விதையை எங்களிடம் கொடுத்தார். எங்களிடமிருந்தே, மருந்து கலந்த பிறகு, ஒரு பையைத் திரும்ப வாங்கிப் போய், தன் சொந்த விதைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாத்தியில் விதைத்தார். ஒரே தாய், ஒரே மண், ஒரே மழை.

"ரெண்டும் மொளைச்சுது சார். மழை இருக்கற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். சித்திரையில பாக்கணும். உங்களுது சருகு. என்னுது அப்பிடியே நிக்குது. வெட்டுக்கிளிகூட உங்களுதுலதான் வந்து உக்காருது. அப்ப என்னா அர்த்தம்? அதுக்குள்ள எவனோ ஒருத்தன் இருந்து காப்பாத்திக்கினு இருக்கறான். நீங்க மருந்து போட்டு அவனைக் கொன்னுடறீங்க."

"அதை எழுதிக் குடுங்க" என்றேன். எதற்கும் நான் சொல்லும் பதில் அது. அவர் எழுதிக் கொடுத்தார். என் விதையை மட்டும் மருந்து கலக்காமல் விநியோகிக்க உத்தரவிட வேண்டும், காரணம் உள்ளே ஆள் இருக்கிறது என்று, இரண்டே வரி.

மனு மாவட்ட அலுவலகம் போனது. அங்கிருந்து பதில் வரவில்லை, கேள்வி வந்தது. மனுதாரர் விலக்குக் கோருவது மத அடிப்படையிலா, தொழில்நுட்ப அடிப்படையிலா? மத அடிப்படை என்றால் அது பொதுப் பிரிவு. தொழில்நுட்பம் என்றால் தொழில்நுட்பப் பிரிவு. இரண்டு பிரிவுகளும் ஒரே மாடியில் எதிரெதிர் அறைகளில் இருந்தன. கோப்பு அந்த எட்டடி தூரத்தைக் கடக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது.

மத அடிப்படை என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்து, மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொன்னவரை ஐந்தரை மணிவரை உட்கார வைத்தார். நயினார் எழுந்து நின்று, "நான் கெளம்பறேன் சார்" என்றார். அவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

"ஒரு நாளைக்கு ராத்திரி சாப்பிட்டாத்தான் என்ன?"

"பொழுது போனா வெளக்குல என்னா வந்து வுழுதுன்னு தெரியாது சார். சோத்துக்குள்ள ஆள் இருந்தா?"

அதிகாரி குறித்துக்கொண்டார். நான் நயினாரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, எந்த அடிப்படை என்று கேட்டேன்.

"அடிப்படை என்னா சார் அடிப்படை? சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. புல்லு காயுது."

'புல் அடிப்படையில்' என்று எழுத எங்கள் நடையில் இடமில்லை. தொழில்நுட்பம் என்று எழுதினேன். சும்மா எழுதினால் நிற்காது, சோதனைச் சான்று ஒன்றை இணைத்தால் கோப்புக்குப் பலம் என்று யோசனையும் சொன்னேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அந்த யோசனையை வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

கிடங்கின் பின்கட்டில் தாவர நோய்ப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி, ஓர் உதவியாளர். உதவியாளர் புதிதாக வேலைக்கு வந்த பெண். படிப்பில் இருந்த ஆர்வம் இன்னும் போகாதவர். நயினார் சொன்னதைச் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"இருக்கலாம் சார். வெளிநாட்டுப் புல் ஒண்ணுல, நோயே குடுக்காம விதைக்குள்ள ஒரு பூஞ்சை இருக்குன்னு பாடத்துல ரெண்டு வரி வந்தது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. சாயம் போட்டுப் பாத்தா தெரியும். ஆனா நீலச் சாயம் தீர்ந்துபோச்சு. தேவைப் பட்டியல் அனுப்பி எட்டு மாசம் ஆகுது."

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் என் குடும்பம். அவரிடம் கேட்டேன். நீலத்தில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தவர், எதற்கு என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு என்னுடனேயே வந்துவிட்டார். "பட்டுக்குப் புடிக்கற சாயம் புல்லுக்குப் புடிக்குமா? நானும் பாக்கறேன் சார்."

அந்தப் பெண் புல்லின் அடித்தாளிலிருந்து மெல்லிய தோலை உரித்து, நீலத்தைச் சொட்டி, கண்ணாடித் துண்டில் வைத்தார். விதையையும் காரத்தில் ஊறவைத்து நசுக்கி அப்படியே செய்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தவர், நிமிராமலே, "ஐயா, வாங்க" என்றார்.

நயினார் நுண்ணோக்கியின் குழாயை முதலில் இரண்டு விரலால் தட்டினார். பிறகு கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. நான் மூன்றாவதாகப் பார்த்தேன். வெளிறிய செங்கல் வரிசைபோல் புல்லின் திசு. செங்கல்களுக்கு நடுவில், ஒன்றையும் உடைக்காமல், கிளை பிரியாமல், நீளவாக்கில் ஓடும் மெல்லிய நீல இழைகள். சாயக்காரர் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்.

"பாவு மட்டும் ஓடுது சார். ஊடையைக் காணோம்."

"ஊடை புல்லுதான்" என்றார் அந்தப் பெண். "இந்த இழை வெளியே தனியா வாழறதா தெரியல. புல்லு இதுக்கு எடமும் சாப்பாடும் குடுக்குது. இது என்ன திருப்பிக் குடுக்குதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது, ஐயாவோட பாத்தியைப் பாத்தா வறட்சியைத் தாங்கற தெம்பைக் குடுக்குதுன்னு தோணுது. பூக்கற காலத்துல மேலே ஏறி, விதைக்குள்ள போய் உக்காந்துக்குது. அம்மா வீட்டுலேருந்து பொண்ணு வீட்டுக்குப் போற மாதிரி. ஒவ்வொரு விதையிலும் இருக்கு."

"நான் சொல்லல?" என்றார் நயினார். அவர் ஜெயித்தவர்போல் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டார் என்று தெரிந்ததுபோல் ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

"வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுத்துடட்டுமா சார்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. வெள்ளைத் தாளுக்கு மதிப்பில்லை, சோதனை முடிவு நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன். படிவத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். குளவி இருந்த அதே தட்டிலிருந்து. அதில் இருந்த பத்திகள்: பயிர், நோயின் பெயர், நோய்க்காரணி, பாதிக்கப்பட்ட விதைகளின் விகிதம்.

"நோயே இல்லையே சார். இதுல எங்க எழுதறது?"

"நோயின் பெயர்ல ஒரு கோடு போடுங்க. நோய்க்காரணியில பூஞ்சைன்னு எழுதுங்க. மத்ததெல்லாம் இணைப்புல விவரமா எழுதுங்க. இணைப்பைப் படிப்பாங்க."

விகிதம் என்ற பத்தியில் அவர் நேர்மையாக, 'எல்லா விதைகளும்' என்று எழுதினார். இணைப்பை இரண்டு பக்கம் அழகாக எழுதினார். நயினாரின் இரண்டு பாத்திகளும், நீல இழைகளும், புல்லும் பூஞ்சையும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும் விதமும் அதில் இருந்தன. நான் குண்டூசியால் குத்தி அனுப்பினேன். குண்டூசி போட்ட இணைப்பு வழியில் தனியாகப் பிரிந்து போகும் என்பது முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்குத் தெரியாத விஷயமல்ல. நூல் கோத்துக் கட்டியிருக்க வேண்டும். அன்று நூல் தீர்ந்துபோயிருந்தது. காஞ்சிபுரத்தில்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. படிவத்துக்கு வந்தது, ஆறே நாளில். பதினைந்து நாள் விதிக்கு உட்பட்டு எங்கள் இலாகா நடந்துகொண்டதை நான் கண்ட ஒரே சந்தர்ப்பம் அது. 'மேற்படி விவசாயியின் விதை முழுவதும் பூஞ்சையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சான்று பெறப்பட்டுள்ளதால், அவரது பதிவு ரத்து செய்யப்படுகிறது. நிற்கும் பயிர் பூக்கும் முன் வேரோடு அகற்றி எரிக்கப்பட வேண்டும். தலைமை எழுத்தர் நேரில் இருந்து உறுதி செய்க.'

ஆடி மாதம் போனோம். கிடங்குக்காரர், நான்கு ஆட்கள், நான். ஆற்றங்கரை மேட்டில் அரை ஏக்கர். சுற்றியிருந்த நிலமெல்லாம் எலும்பின் நிறத்தில் கிடக்க, அது மட்டும் பச்சையாக நின்றது. அவருடைய மனைவி வரப்பில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "காஞ்ச புல்லுக்கெல்லாம் மெடல் குடுப்பீங்களா சார்? பச்சையா இருக்கறதுதான் உங்க கண்ணை உறுத்துதா?" நான் உத்தரவுத் தாளை எடுத்து மறுபடி படித்தேன்.

கிடங்குக்காரருக்கே மனது கேட்கவில்லை. அவர் நயினாரை ஓரமாகக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி, "வூட்டுப் பின்னால ரெண்டு தூரு நட்டு வெச்சுக்குங்க நயினாரே. நாங்க ஒண்ணும் பாக்கல. சாரும் பாக்க மாட்டாரு" என்றார். நான் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்யத் துணிந்த பெரிய விதிமீறல் அந்தத் திரும்பல்தான்.

"வேணாம்பா. ஆர்டரு தப்புன்னு மேல கேக்கப் போறேன். ஒளிச்சு வெச்சுக்கினு எந்த மூஞ்சியோட கேக்கறது?"

கேட்டதும் எனக்கு அவர் கன்னத்தில் அறையலாம்போல் இருந்தது. அவர் முதன்முதலில் தாய்ப்புல் எடுத்த மணல் திட்டை அதற்கு முந்தின மழையிலேயே ஆறு கொண்டுபோயிருந்தது. இந்த அரை ஏக்கர்தான் மிச்சம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆட்கள் பிடுங்கினார்கள். எரிக்க வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. அவர் நெருப்பு வைக்க விடவில்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டார். அவை இரண்டு நாளில் தின்று தீர்த்தன. 'முறைப்படி அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார்:

"குடியிருக்கறவனைக் காலி பண்ணணும்னா முன்கூட்டி நோட்டீசு குடுக்கணும் இல்ல சார்? வெதைக்குள்ள இருக்கறவனுக்குக் குடுத்தீங்களா?"

இனி இருந்தது ஒரே ஒரு மூட்டை. தை மாதம் அவர் கொடுத்து, அவர் கை வைத்ததால் டிரம்முக்குள் போகாமல் தப்பிய மீதி விதை. அதையும் அழித்திருக்க வேண்டும். நான் தேடி எடுத்த ஒரு விதி காப்பாற்றியது. மேல்முறையீட்டுக்கு உட்பட்ட பொருளை முடிவு வரும்வரை அரக்கு முத்திரையிட்டுக் காப்பில் வைக்க வேண்டும். மேல்முறையீட்டை நானே எழுதினேன். இந்த முறை இணைப்பை நூலால் தைத்தேன். மூட்டைக்கு முத்திரை வைத்து, ஜன்னல் இல்லாத அறையில், பலகையின் மேல் வைத்தோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அவர் வந்தார். வாசலில் இருந்த பதினைந்து நாள் பலகையை ஒருதரம் பார்ப்பார், என்னை ஒருதரம் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். பிறகு உள்ளே போய் மூட்டையைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "இருக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்தப் புல் விதை மூணு நாலு வருஷம் முளைக்கும். உள்ள இருக்கற பூஞ்சை அவ்வளவு நாள் தாங்காதுன்னு பயமா இருக்கு. இந்த அறையோட வெக்கையில ஒரு வருஷம் தாங்கினாலே பெரிசு. ஒரு கைப்பிடி எடுத்து விதைச்சுட்டா பொழைச்சுக்கும். மூட்டையில இருக்க இருக்க செத்துப்போகும்."

நயினாரிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது அவர் கேட்டார். அவர் என்னிடம் தயவாகக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"ஒரு புடி குடுங்க சார். மொளைக்க வெச்சுக்கறேன். பதிலு வரும்போது வரட்டும்."

"முத்திரையை உடைச்சா மேல்முறையீடே செல்லாது நயினாரே. ஜெயிக்கப் போற கேஸை நாமளே தோக்கடிச்ச மாதிரி ஆயிடும்."

"அப்பிடியா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சட்டம் அப்பிடின்னா சரி சார்."

அவர் வாதாடியிருக்கலாம். கிடங்குக்காரரின் சாவியைக் கேட்டிருக்கலாம், அவர் கொடுத்திருப்பார். விதிகள் எல்லாம் யாரையோ காப்பாற்றுவதற்காகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்று அவர் நினைத்தார். விதைக்குள் மட்டுமல்ல, விதிக்குள்ளும் ஆள் இருக்கிறார் என்று நம்பினார்.

நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டு. மூன்றாவது. பெயர் குறிப்பிட்ட நேர்முகக் கடிதம். முதலாவதுக்கு, பார்வை எண்ணைக் குறிப்பிடவும் என்று பதில். குறிப்பிட்டேன். அந்த எண்ணில் கோப்பு இல்லை, நகல் அனுப்பவும் என்று பதில். நகல் அனுப்பினேன். நகலுக்குச் சான்றொப்பம் இல்லை. ஒப்பமிட்டு அனுப்பினேன். ஒரு கோடை போனது. அடுத்த கோடையும் வந்தது. நயினார் மூட்டையில் காதை வைக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. "இருக்குது சார்" என்பது, "இருக்கும் சார்" என்று ஆகி, பிறகு அதுவும் நின்றது.

எழுபத்திரண்டு சித்திரையில், வேறெதற்கோ கையேட்டைப் புரட்டியபோது ஒரு துணை விதி கண்ணில் பட்டது. காப்பில் உள்ள விதையானாலும், முளைப்புத் திறன் அறிய, ஆண்டுக்கு ஒருமுறை, இரு சாட்சிகள் முன்னிலையில் முத்திரையை நீக்கி மாதிரி எடுத்து மீண்டும் முத்திரையிடலாம். புதிய திருத்தம் ஒன்றுமல்ல. நான் தேடி எடுத்துப் பெருமைப்பட்டேனே, அந்தக் காப்பு விதிக்கு நேர் கீழே, அதே பக்கத்தில், இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. முதல் வருஷமே எடுத்திருக்கலாம். எனக்குத் தேவையான வரி கிடைத்ததும் நான் படிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

அன்றே கிடங்குக்காரரையும் சாயக்காரரையும் சாட்சிக்கு வைத்து முத்திரையை உடைத்தேன். நூறு விதையை எண்ணி மண்தட்டில் போட்டோம். விதை நன்றாக முளைத்தது. கிடங்குக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் நாற்றின் தாளை உரித்து நீலம் போட்டுப் பார்த்தார். இன்னொன்றை உரித்தார். மறுபடி இன்னொன்றை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருபது முப்பது நாற்று பார்த்தார்.

"விதையில இழை தெரியுது சார். நாத்துல ஒண்ணுலகூட இல்ல."

"விதையில இருந்தா நாத்துல வரணும்தானே?"

"செத்துப்போன இழைக்கும் சாயம் புடிக்கும் சார்."

முடிவை எழுத வேண்டியிருந்தது. அதே படிவம்தான். நோயின் பெயர்: இல்லை. நோய்க்காரணி: இல்லை. பாதிக்கப்பட்ட விகிதம்: இல்லை. எழுதிவிட்டு அந்தப் பெண் பேனாவை மூடவில்லை. "நம்ம ஆபீசுல இதுக்கு மேல நல்ல ரிப்போர்ட் எழுதவே முடியாது சார்" என்றார். இணைப்பு எழுத ஒன்றும் இருக்கவில்லை. நான் அனுப்பினேன். அனுப்பாமல் இருக்க எனக்கு அதிகாரமில்லை.

இந்த முறையும் படிவம்தான் வேலை செய்தது. மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. மறுசோதனையில் விதை பூஞ்சையற்றது என்று உறுதி செய்யப்பட்டுள்ளதால், மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. மேற்படி விதையை மருந்து கலக்காமல் விநியோகிக்க, சிறப்பு நேர்வாக அனுமதிக்கப்படுகிறது. பதிவும் மீண்டும் வழங்கப்படுகிறது. தாமதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பத்தி கிடையாது.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்துப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். அவர் மூட்டையைத் தட்டவில்லை. அந்த இரண்டரை வருஷத்தில் அவர் எதையாவது தட்டாமல் திறந்து நான் பார்த்தது அன்றுதான். கயிற்றை அவிழ்த்து, ஒரு கைப்பிடி அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலி வூட்டுக்கு சாவி குடுக்கறீங்களே சார்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆணையைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வேண்டும். பதிவேட்டை நீட்டினேன். தமிழில், ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் கட்டத்தின் மேல் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"இன்னிக்கு என்னா தேதி சார்?"

வாசலில் இருந்த பலகையை நான் பார்க்காமல் சொன்னேன். அவர் எழுதினார்.

எழுபத்திரண்டு, ஆகஸ்ட் பதினேழு, வியாழக்கிழமை.